தடை போட்டதால் பிறந்த தோட்டா: பென்னாகரம் காடும் .470-இன் கதையும்

இந்த எபிசோடின் முதல் பத்து நிமிஷத்தை ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்துதான் ரெக்கார்ட் பண்ணினேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் அருவிச் சத்தம் மட்டும்தான் இருக்கு, நான் இல்ல. அதனால மறுபடி பேசினேன். நீங்க படிக்கிறது அந்த இரண்டாவது பேச்சு.

பரிசல்காரர் ஊட்டமலைக்காரர். துடுப்பைப் போட்டுக்கொண்டே எதிர்க்கரைக் காட்டைக் காட்டி, "அந்தப் பக்கம் ஆனை தண்ணிக்கு எறங்கும் தம்பி, சாயங்காலம் ஆனா போயிரணும்" என்றார். எனக்கு இது புதுசு கிடையாது. என் தாத்தா ஊர் பென்னாகரம் தாண்டித்தான். ராகி கதிர் பிடிக்கிற மாசங்களில் அவர் பரண் மேலதான் தூங்குவார். கையில் ஒரு தகர டின், ஒரு குச்சி, கீழே ஒரு தீப்பந்தம். யானையை விரட்ட அவ்வளவுதான் ஆயுதம். ஊரில் ஒரே ஒரு வீட்டில் நாட்டுத் துப்பாக்கி இருந்ததாம். அதுக்கு லைசென்ஸ் இருந்ததா என்று கேட்டால் தாத்தா பேச்சை மாத்திடுவார்.

இதே காட்டுக்குத்தான் பெங்களூரிலிருந்து கென்னத் ஆண்டர்சன் வந்துகொண்டிருந்தார். 1910-இல் பிறந்து 1974-இல் இறந்தவர். ஸ்காட்டிஷ் வம்சாவளி, விமானத் தொழிற்சாலையில் வேலை, வாரக் கடைசியில் காடு. கிட்டத்தட்ட நம்ம ஐடி ஆளுங்க வீக்எண்ட் ட்ரிப் மாதிரி. என்ன, இவர் ரைஃபிளோட வருவார். 1954-இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் பெயர் பெற்ற ஆட்கொல்லிகள் ஒன்பது, மதம் கொண்ட யானை ஒன்று. அந்த யானை நம்ம பென்னாகரம் பக்கத்துப் பனப்பட்டி யானை. அப்போ இது சேலம் ஜில்லா. தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965-இல்தான்.

அந்தப் புத்தகத்தை முதல் தடவை படிச்சப்போ ஒரு விஷயம் உறுத்தியது. யானைக்கு ரைஃபிள்னா படங்களிலும் கதைகளிலும் லண்டனில் செய்த இரட்டைக்குழல் பெரிய துப்பாக்கிதான் வரும். ஆண்டர்சன் கையில் இருந்ததோ அமெரிக்காவின் வின்செஸ்டர் 1895 மாடல், .405 தோட்டா. பிரிட்டிஷ் இந்தியாவில், பிரிட்டிஷ் வம்சாவளிக்காரர், அமெரிக்கத் துப்பாக்கி. ஏன்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனால் கடைசியில் நம்ம ஊர் ஆயுதச் சட்டத்தில் வந்து நிக்குது.

முதலில் கொஞ்சம் அடிப்படை. இந்த எபிசோடில் தோட்டா என்றால் பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தருகிற மூடி, உள்ளே மருந்து, வாயில் குண்டு, எல்லாம் சேர்ந்தது. குண்டு என்றால் பறந்து போகிற உலோகம் மட்டும். .450, .470 என்பதெல்லாம் குழலின் விட்டம், அங்குலத்தில். பெரும்பாலும் தோராயமாகத்தான் இருக்கும். கம்பெனிக்காரர்கள் ராசியான நம்பர் மாதிரி வச்சுக்குவாங்க.

கார்டைட் வருவதற்கு முன்னால் எல்லாம் கரிமருந்து. அது எரிகிற விதத்தில் குண்டை ஓர் அளவுக்கு மேல் வேகமாகத் தள்ள முடியாது. வேகம் கூட்ட முடியாதுன்னா என்ன பண்ணுவாங்க? எடையைக் கூட்டினார்கள். இலங்கையில் 1840-களில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரிடம் ஒரு நான்கு-போர் ரைஃபிள் இருந்தது. நான்கு-போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் நாலே நாலு உருண்டை. ஓர் உருண்டை 113 கிராம். துப்பாக்கியின் எடை ஒன்பதரை கிலோ. அதே காலத்தில் அதே இலங்கையில் மேஜர் ராஜர்ஸ் என்று ஒருவர் சுமார் 1,400 யானைகளைக் கொன்றதாகச் சொல்கிறார்கள். வாய்வழி மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கிகளால். 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இலங்கையில் அதைக் கேட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1889-இல் ஏபெல், டூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கார்டைட்டைக் கண்டுபிடித்தார்கள். நைட்ரோகிளிசரின் 58 சதவீதம், கன்காட்டன் 37, மீதி 5 வாஸலின். ஆமா, உதட்டில் தடவுறோமே, அதே வகைதான். அசிட்டோனில் பிசைந்து இடியாப்பம் மாதிரி பிழிந்தால் கயிறு கயிறாக வரும். அதனால்தான் கார்டைட் என்று பெயர். ஊட்டி ரயிலில் போகும்போது குன்னூர் தாண்டி அருவங்காடு ஸ்டேஷன் வரும், கவனிச்சிருக்கீங்களா? அங்கே இருக்கும் வெடிமருந்து ஃபேக்டரி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கார்டைட் செய்யத்தான் கட்டப்பட்டது. நம்மில் பாதிப் பேர் அந்த ஸ்டேஷனில் வர்க்கி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பேருக்குப் பின்னால் என்ன இருக்குன்னு தெரியாமலே வந்திருக்கோம்.

1898-இல் ஜான் ரிக்பி ஒரு வேலை செய்தார். கரிமருந்துக் காலத்து .450 தோட்டாவின் நீளமான பித்தளைக் கூட்டை அப்படியே எடுத்து, உள்ளே கார்டைட் போட்டு, 480 கிரெய்ன் குண்டு வைத்தார். நம்ம கணக்கில் 31 கிராம். வேகம் நொடிக்கு சுமார் 655 மீட்டர். ஆற்றல் 6,700 ஜூல் பக்கம். ஒன்பதரை கிலோ பீரங்கியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு ஐந்து கிலோ ரைஃபிளில் அதே வேலை முடிஞ்சது. இதைத்தான் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்கிறார்கள். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகிற எல்லோரும் இதையே வாங்க ஆரம்பித்தார்கள். கதை இங்கேயே முடிஞ்சிருக்கணும். முடியலை.

ஏன் முடியலைன்னா, அதே நேரம் பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய துப்பாக்கி ஒன்று ஊர் பூராவும் சுற்றிக்கொண்டிருந்தது. மார்ட்டினி-ஹென்றி. 1871-இல் வந்தது. அதன் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர். கடைசி எண்ணைப் பாருங்க. 450. குண்டின் எடையும் அதே 480 கிரெய்ன். ராணுவம் .303-க்கு மாறிய பிறகு இந்தப் பழைய துப்பாக்கிகளில் பல திருட்டுப் போயின, வடமேற்கு எல்லையில் கைமாறின, சூடானுக்குப் போயின. துப்பாக்கி இருக்கு, குண்டு கிடைக்கலை. அப்படி ஒருத்தன் இருந்தால், வேட்டைக்காரர்கள் தைரியமாகக் கடையில் வாங்குகிற .450 தோட்டாவைப் பிரித்து அந்தக் குண்டை எடுத்து மார்ட்டினி கூட்டில் வைத்துவிடலாம். அரசாங்கத்தின் பயம் இதுதான். 1907 வாக்கில் .450 ரைஃபிள்களும் தோட்டாக்களும் இந்தியாவுக்கும் சூடானுக்கும் இறக்குமதி ஆவதைத் தடை செய்தார்கள். .303-உம் பொதுமக்களுக்குக் கிடையாது.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரச் சிப்பாய்களைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிதான் கொடுக்கப்பட்டது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. குடகில் கொடவர்களுக்கு மட்டும் தனி விலக்கு, அது இன்றைக்கும் தொடர்கிறது. பின்னாட்களில் போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுக்க .303 ரைஃபிளையே எடுத்து, குழலைக் கடைந்து, ஒரு நேரத்தில் ஒரு ரவுண்டு மட்டும் போகிற .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். யார் கையில் இருந்தாலும் ராணுவத் தோட்டா அதில் சேரக்கூடாது. நான் வேலை பார்க்கிற துறையில் இதுக்கு ஒரு பேர் உண்டு: வேணும்னே கம்பேட்டிபிலிட்டியை உடைக்கிறது.

தடை வந்ததும் லண்டன், பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கடைகளில் ஒரே பரபரப்பு. இந்தியா அவர்களுடைய பெரிய சந்தை. .450-ஐ விற்க முடியாது. அதே பலம் வேண்டும். விட்டம் மட்டும் வேறாக இருக்க வேண்டும். ஆளாளுக்கு ஒரு நம்பர் போட்டார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .465. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476. ஜெஃப்ரி .475 நம்பர் 2. ஜோசஃப் லேங் என்பவர் .470. இதில் லேங்கின் .470-ஐ மற்ற துப்பாக்கிக்காரர்களும் எடுத்துக்கொண்டதால் அதுவே நிலைத்துவிட்டது. 500 கிரெய்ன் குண்டு, அதே 655 மீட்டர் வேகம், 6,950 ஜூல். பழைய .450-க்கும் இதுக்கும் யானை வித்தியாசம் கண்டுபிடிக்காது. பிற்பாடு தடை தளர்ந்தபோதும் .450 பழைய இடத்துக்கு வரவே இல்லை. இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் தொழில்முறை வேட்டைக்காரர்கள் .470 வைத்திருக்கிறார்கள். கேட்டால் பாரம்பரியம் என்பார்கள். அந்தப் பாரம்பரியத்தின் ஆரம்பம், இந்தியன் கையில் குண்டு கிடைச்சுடக்கூடாது என்கிற ஒரு சுற்றறிக்கை.

அப்புறம், இந்தத் தோட்டாக்கள் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்கலாம். 82 மில்லிமீட்டருக்கு மேல் கூடு மட்டுமே. இதுக்குக் காரணம் வெயில். கார்டைட் சூடானால் வேகமாக எரியும், அழுத்தம் எகிறும். இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காக வேலை செய்த தோட்டா, ஏப்ரல் மாத தர்மபுரி வெயிலில் ஜீப்பில் கிடந்தால், சுட்டதும் பித்தளை விரிந்து அறையோடு ஒட்டிக்கொள்ளும். யானை எதிரே நிற்கும்போது காலிக் கூடு வெளியே வரலைன்னா கதை முடிஞ்சது. அதனால கூட்டைப் பெரிதாக்கி, உள்ளே இடம் விட்டு, அழுத்தத்தைக் குறைவாகவே வைத்தார்கள். சில தோட்டாக்களுக்கு வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைக் குறைத்துத் தனிப் பெட்டிகளில் விற்றார்கள். செர்வர் ரூமுக்கு ஏசி போடுகிற மாதிரி ஒரு டிசைன் முடிவு.

சரி, இப்போ ஆண்டர்சனின் .405. குண்டு 300 கிரெய்ன், அதாவது 19 கிராம் சொச்சம். வேகம் 670 மீட்டர். 4,360 ஜூல். .470-இல் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு யானை முன்னால் நிற்பது புத்திசாலித்தனமா?

வேட்டைக்காரர்கள் மத்தியில் இதுக்கு ஒரு பிரபலமான ஃபார்முலா இருக்கு. ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய ஜான் டெய்லர் 1948-இல் எழுதிய புத்தகத்தில் பிரபலமாக்கியது. குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7,000-ஆல் வகுக்கணும். வருகிற எண்தான் 'நாக்-அவுட்' மதிப்பு. நான் பத்து வரி பைத்தான் எழுதி ஓட்டிப் பார்த்தேன். .600 நைட்ரோவுக்கு 155. .470-க்கு 73. .450-க்கு 68. ஆண்டர்சனின் .405-க்கு 39. கரிமருந்து மார்ட்டினி-ஹென்றிக்கு 42! அதாவது குறைந்த வேகத்தில் போகிற மெத்து ஈயக் குண்டு, .405-ஐ விட யானைக்கு நல்லதுன்னு ஃபார்முலா சொல்லுது. சந்தேகம் வந்தது. சும்மா ஒரு கிரிக்கெட் பந்தைப் போட்டுப் பார்த்தேன். 160 கிராம், 145 கிலோமீட்டர் வேகம். விடை 130-க்கு மேல். .470-ஐ விட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஹெல்மெட் போட்ட பேட்ஸ்மேன் ஒத்துக்குவார், யானை ஒத்துக்காது.

ஃபார்முலாவில் என்ன தப்பு? யானையின் மண்டையை யோசிங்க. வெளியே தெரிகிற அந்தப் பெரிய நெற்றி பெரும்பாலும் காற்றறைகள், தேன்கூடு மாதிரி எலும்பு. மூளை பின்னால், தாழ்வாக, நாலைந்து கிலோ அளவில் ஒளிந்திருக்கிறது. முன்னால் இருந்து சுட்டால் குண்டு அரை மீட்டருக்கும் மேல் எலும்பிலும் சதையிலும் நேர்கோட்டில் போகணும். நசுங்கினால் நின்றுவிடும், வளைந்தால் தப்பிவிடும். இங்கே முக்கியம் ஆணி மாதிரி இறங்குகிற குணம். எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். .450-க்கு 0.327. .470-க்கு 0.317. .405-க்கு 0.254. இதுக்கு நடுவில் ஒரு ஆச்சரியம்: மான் சுடுகிற சின்ன .275 ரைஃபிளில் நீளமான 173 கிரெய்ன் குண்டு போட்டால் 0.306. ஆப்பிரிக்காவில் பெல் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அதில் பெரும்பகுதி இந்தச் சின்ன ரைஃபிளால்தான். டெய்லர் ஃபார்முலாவில் அதுக்கு மதிப்பு வெறும் 16. குண்டுக்கு முழு உலோக உறை, மூளை எங்கே என்று தெரிந்த கண், கை நடுங்காத நிதானம். அவ்வளவுதான் அவருடைய ரகசியம்.

அதுக்காக .470 வீண் என்று சொல்ல வரலை. மூளையைத் தவறவிட்டால் பெரிய குண்டு யானையைக் கொஞ்ச நேரமாவது தடுமாற வைக்கும். இரண்டாவது குழல் அதுக்குத்தான். விலை, அந்தத் தடுமாற்றத்துக்காகத் தோளில் வாங்குகிற இடி. கணக்குப் போட்டால், ஐந்து கிலோ எடை நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் வேகத்தில் தோளில் வந்து மோதுகிறது.

அப்போ .405? ஆழம் போகிற குணத்தில் இந்தப் பட்டியலிலேயே கடைசி. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கா போனபோது சிங்கத்துக்கு இதைத்தான் புகழ்ந்தார்; ஆனால் யானைக்கென்று ஹாலண்ட் இரட்டைக்குழலையும் கொண்டுபோனார். ஆண்டர்சன் பெரும்பாலும் தேடிப்போனது புலியையும் சிறுத்தையையும். அதுக்கு .405 தாராளம். ஒரு நெம்புகோலைத் தள்ளி இழுத்தால் அடுத்த ரவுண்டு தயார். ஒரு சம்பளக்காரர் லண்டன் இரட்டைக்குழல் வாங்குவது, இன்றைக்கு நாம ஃபெராரி வாங்குற கதைதான். .405 தடைப் பட்டியலிலும் இல்லை. என் கணிப்பு, காரணம் இவ்வளவு சாதாரணம். அதே ரைஃபிளோடு யானை முன்னாலும் போய் நின்றார் பாருங்க, அது துணிச்சலா அசட்டுத்தனமா என்று நான் இன்னும் முடிவு பண்ணலை.

எனக்கு ஆண்டர்சனை விட அவர் கதையில் வருகிற பைரா மேலதான் கண். சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பூசாரி இனத்து மனிதர். காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்தவர். ஆண்டர்சனுக்கே பாடம் எடுத்தவர். அவர் கையில் இருந்தது நாட்டுத் துப்பாக்கி, அவருக்குச் சட்டம் வைத்த பெயர் திருட்டு வேட்டைக்காரர். 1873-இல் மதராஸ் மாகாணமும் 1879-இல் மற்ற இந்தியாவும் யானைகளைக் காக்கச் சட்டம் போட்டுவிட்டன. நல்ல சட்டம்தான். ஆனால் மதம் கொண்டது என்று சர்க்கார் அறிவித்த யானையைச் சுட, பெங்களூரிலிருந்து ஒருவர் ரைஃபிளோடு கார் ஓட்டி வரணும். அதுவரை என் தாத்தாவின் அப்பா பரணில் டின் தட்டிக்கொண்டிருக்கணும்.

அந்தப் பழைய தடையின் நிழல் இன்னும் போகலை. இன்றைக்கும் இந்தியாவில் .303 பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட விட்டம். அதனால் இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை பழைய ஆஸ்திரியத் தோட்டா ஒன்றை அடிப்படையாக வைத்து .315 ரைஃபிள் செய்து விற்றது. லைசென்ஸ் வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்க, ரைஃபிள்னா .315 என்பார்கள். ஏன் அந்த எண் என்று கேட்டால் தெரியாது.

இப்போ யானையை யாரும் சுடுவதில்லை. மயக்க ஊசி போடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் பயிர் மேய்ந்த ஒரு மக்னா யானையை அப்படித்தான் பிடித்தார்கள். கும்கியாக வந்தது சின்னத்தம்பி. 2019-இல் இதே மாதிரி ஊருக்குள் வந்து பிடிபட்ட அதே சின்னத்தம்பி. மக்னாவை டாப்சிலிப்பில் கொண்டுபோய் விட்டார்கள். சில வாரங்களுக்குள் அது கோயம்புத்தூர் வரை நடந்து வந்துவிட்டது.

தாத்தாவுக்கு ஃபோன் போட்டு இந்த எண்களை எல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டார். "ஏன்டா, மாரண்டஹள்ளியில என்ன துப்பாக்கி?" என்றார். மக்னாவைப் பிடித்து சுமார் ஒரு மாதம் இருக்கும், 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே, பயிரைக் காக்கப் போட்டிருந்த சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. குட்டிகள் இரண்டு பிழைத்து, காலை வரை அந்த உடல்களைச் சுற்றியே நின்றன. தாத்தா அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. ராகி இந்த வருஷம் சுமார்தான் என்று சொல்லி ஃபோனை வச்சுட்டார்.